மைக்கை மூடி வைத்த ஞாயிறுகள்

பிள்ளையார்பாளையம்,
10 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை அரசிக்கு,

அண்ணன் குமாரவேல் எழுதுகிறேன். இங்கே நான், உன் அண்ணி அகிலா, தறி, மூவரும் சுகம். அங்கே சூரத்தில் நீ, மாப்பிள்ளை உதயகுமார், வயிற்றில் இருக்கும் பெரிய மனிதர், மூவரும் எப்படி? டாக்டர் சொன்னபடி படுக்கையிலேயே இருக்கிறாயா, இல்லை மாமியார் அந்தப் பக்கம் போனதும் எழுந்து அலமாரியை அடுக்குகிறாயா?

ஃபோன் இருக்க மெயில் எதற்கு என்று கேட்பாய். தொண்டை கட்டிக்கொண்டுவிட்டது. காற்றுதான் வருகிறது. அப்பா இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். நலம் விசாரிக்காமல் விஷயத்துக்கு வருகிற கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்த மனிதர் அவர்.

விசாரித்தாகிவிட்டது, விஷயம் இதுதான். இரண்டு ஞாயிறாக நம் மேசை, நெட்டில் நாம் நால்வரும் ஆடும் கதை ஆட்டம், நடக்கவில்லை. சிம்ரன் ஏனாத்தூர் ஹாஸ்டலிலிருந்து மூன்று மணிக்கு ஆஜர். கண்டக்டர் கலியாணசுந்தரம் டெப்போவில் டியூட்டி மாற்றிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். வரைபடம் இருக்கிறது, பகடை இருக்கிறது, உன் ஓடக்காரி ஏழு ஏரிக் கோட்டை வாசலில் காத்திருக்கிறாள். கதை சொல்கிறவனுக்குத்தான் குரல் இல்லை. அரக்கன், மதகுக்காரக் கிழவன், குதிரை, எல்லாம் நான் ஒருவனே பேசவேண்டிய ஆட்டம் இது.

அதனால் எனக்கு ஒரு ஸ்கிரிப்ட் வேண்டும். கம்ப்யூட்டரில் இருக்கிற என் குறிப்பு நோட்டில் நான் ஒரு காட்சியை டைப் செய்து பட்டனைத் தட்டினால், உங்கள் மூவரின் ஸ்கிரீனிலும் ஒரு விண்டோ திறந்து அது தெரியவேண்டும். சென்னையில் நீ வேலை பார்த்தபோது இந்த மேசைக்கு எத்தனை பட்டன் செய்து கொடுத்தாய், இதையும் செய். படுத்திருக்கிற உனக்கு வாரத்தில் இருக்கிற கலகலப்பு அந்த இரண்டு மணி நேரம்தான். அது நிற்கக் கூடாது.

தலையணை மாற்றிப் படு.
குமாரவேல்

*

சூரத்,
13 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். உள்ளே இருப்பவரும் சுகம், நேற்று ஸ்கேனில் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தார், உன்னைப் போலவே. அலமாரியை நான் அடுக்கவில்லை. உன் மாப்பிள்ளையை விட்டு அடுக்க வைத்தேன்.

தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும் போடு. அண்ணி சொன்னால் நீ கேட்க மாட்டாய், அதனால் நான் சொல்கிறேன்.

ஸ்கிரிப்ட் சுலபம், ஆனால் ஒன்றைப் புரிந்துகொள். நீ பட்டனை எங்கே வைக்கிறாயோ, அது உட்கார்ந்திருக்கிற இடம்தான் அதற்கு ‘விண்டோ’. பேர் சொல்லித் தேட வேண்டாம். உன் நோட்டு ஒரு பெரிய விண்டோ. அதற்குள் காட்சிக்கு ஒன்றாகக் குட்டி விண்டோக்கள். குட்டிக்குள் இருக்கிற பட்டன் ‘விண்டோ’ என்றால் அந்தக் குட்டி மட்டும்தான். பெரிய நோட்டு வேண்டுமென்றால் ஒரு படி மேலே ஏறு என்று தனியாக எழுத வேண்டும்.

நம் வீட்டையே வைத்துப் பார். ஒரே வாசல், உள்ளே பெரியப்பா, நாம், சித்தப்பா என்று மூன்று போர்ஷன். நம் போர்ஷனில் நின்றுகொண்டு ‘வீடு’ என்றால் ஸ்கிரிப்ட்டுக்கு நம் போர்ஷன்தான். புரிந்ததா? கீழே முழு ஸ்கிரிப்ட்டையும் ஒட்டியிருக்கிறேன்.

தொண்டை சரியானதும் முதல் வேலையாக ஃபோன் பண்ணு. உன் குரலைக் கேட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது.

அண்ணிக்கு என் அன்பு. உனக்குப் பாதி.
அரசி

*

பிள்ளையார்பாளையம்,
3 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

மசக்கை குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. தெருவில் தறிக்கு நூல் பாவு நீட்டினால் அரை நாளில் காய்ந்துவிடுகிறது. எல்லாரும் சுகம்.

உன் ஸ்கிரிப்ட் நேற்று ஓடியது. கோட்டை வாசலை நான் டைப் செய்தேன், உங்கள் ஸ்கிரீனில் திறந்தது, நீயும் பார்த்தாய். ஆனால் கலியாணசுந்தரம் அதைப் படித்து முடித்ததும் ஒழுங்காக மூடி வைத்துவிட்டார். டிக்கெட் கொடுத்ததும் பையை மூடுகிற பழக்கம். அடுத்த வரியை நான் அனுப்பியபோது ஸ்கிரிப்ட், இல்லாத ஒன்றிடம் கேட்கிறாய் என்று சிவப்பு எழுத்தில் என்னைத் திட்டியது. இதற்கு என்ன வழி?

சிம்ரன் நல்ல பெண். ‘அண்ணா, நீங்க டைப் பண்ணா படிக்கறதுக்கு நல்லாதான் இருக்குது’ என்றாள். இருந்தாலும் அவள் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்.

தொண்டை அப்படியேதான். மைக்கும் ரிப்பேர். ஃபோனில் பேசினால் இருமல் வருகிறது. குரல் எப்போது வருமோ, அதுவாக வரும்போது வரட்டும்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.
குமாரவேல்

*

சூரத்,
6 மார்ச் 2025

அண்ணா,

சுகம். நீ சுகமில்லை என்று தெரிகிறது. தொண்டை கட்டு ஐந்து வாரமா? தொண்டை கட்டியிருக்கிறதா, இல்லை தங்கச்சியிடம் பேசப் பிடிக்கவில்லையா?

முதலில் ஸ்கிரிப்ட். மூடின விண்டோவை ஸ்கிரிப்ட்டால் கூப்பிட முடியாது. பூட்டிய கதவைத் தட்டினால் யார் பதில் சொல்வார்கள்? ஆனால் உள்ளே இருந்த எழுத்து தொலைந்துபோகவில்லை, அது தனியாகப் பத்திரமாக இருக்கும். அந்தக் காட்சி திறந்திருக்கிறதா என்று முதலில் கேள். இல்லையென்றால் திற. அப்புறம் எழுது. மூன்று வரி சேர்த்திருக்கிறேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். இங்கே சன்னல் பக்கம் குஜராத்தி, சமையலறையில் மாமியாரின் சாமி பாட்டு. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். முன்னால் இரண்டு முறை நடந்தது உனக்குத் தெரியும். வயிற்றில் லேசாக இழுத்தாலும் பயந்து சாகிறேன். ஞாயிறு மூன்று மணிக்கு நீ மதகுக்காரக் கிழவன் குரலில் ‘இன்னாம்மா ஓடக்காரி, துடுப்பு தூக்கத் தெம்பு இருக்குதா?’ என்று கேட்டால் அந்த வாரம் முழுக்க எனக்குத் தாங்கும். டைப் செய்த எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உன் குரல் இல்லை.

இருமிக்கொண்டே பேசு, பரவாயில்லை. ஃபோன் பண்ணு.

கோபத்தோடும் அன்போடும்,
அரசி

*

பிள்ளையார்பாளையம்,
24 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

நீ சுகமா? இழுப்பு ஏதும் இல்லையே? அகிலா உனக்காகக் காமாட்சியம்மன் கோவிலில் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள்.

நேற்று மேசையில் ஒரு குளறுபடி ஆனதே, அதைப் பற்றிக் கேட்கத்தான் எழுதுகிறேன். கோட்டையின் காட்சியைத் தட்டினேன். குட்டிக்குப் பதில் என் மொத்த நோட்டும் உங்கள் ஸ்கிரீனில் திறந்துவிட்டது என்று சிம்ரன் சொன்னதும் பதறி மூடினேன்.

தப்பு என்னுடையதுதான், ஆனால் உன் உதாரணத்துக்கும் பங்கு உண்டு. நம் வீட்டில் போர்ஷன் என்று யார் பிரித்துச் சொன்னார்கள்? சித்தப்பா வீட்டு ரசமும் நம்ம வீட்டு ரசம்தான். பெரியப்பா போர்ஷனில் ஒழுகினாலும் நம்ம வீடு ஒழுகுகிறது. ‘வீடுன்னா மொத்தமும்தான், பிரிச்சுப் பேசினா நாக்குல சூடு’ என்பாரே அப்பா. ஸ்கிரிப்ட்டை வேறு நோட்டுக்கு மாற்றி எழுதும்போது, ‘வீடு’ என்று நீ சொன்ன இடத்தில் என் கை தானாக ஒரு படி மேலே ஏற்றிவிட்டது.

அந்த நோட்டில் பால்காரர், மருந்து, அகிலா சொன்ன வேலை என்று கண்டதையும் கிறுக்கி வைத்திருப்பேன். மற்ற இருவரும் படிக்கவில்லை என்றார்கள். நீ ஏதாவது படித்தாயா?

உடனே பதில் எழுது.
குமாரவேல்

*

சூரத்,
12 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். ஆறாம் மாதம் நடக்கிறது. உள்ளே இருப்பவர் உதைக்கிறார், நான் வாங்கிக்கொள்கிறேன். நேற்று பங்குனி உத்திரம். ஏகாம்பரநாதர் கல்யாணத்துக்குப் போனாயா? எனக்கும் சேர்த்துக் கும்பிட்டிருப்பாய்.

நீ கேட்டதற்குப் பதில்: நான் எதையும் படிக்கவில்லை. இங்கே நெட் ஆமை வேகம். வெள்ளையாக ஏதோ ஒன்று வந்தது, எழுத்து வருவதற்குள் போய்விட்டது.

ஸ்கிரிப்ட்டைத் திருத்திவிட்டேன். இனி உன் கை எவ்வளவு மேலே ஏறினாலும் நோட்டு வெளியே திறக்காது.

ஒரு சின்ன வேண்டுகோள். எனக்கு இப்போது பேசினால் மூச்சு வாங்குகிறது. நான் மட்டும் டைப் செய்தால் வெட்கமாக இருக்கும். அதனால் இந்த ஞாயிறு முதல் எல்லாரும் மைக்கை மூடிவிட்டு டைப்பே செய்வோம். ஒவ்வொருவர் பேச்சுக்கும் ஒரு நிறத்தில் விண்டோ வைத்திருக்கிறேன். உனக்கு அரக்கு நிறம், உன் பட்டுக்குப் பொருத்தமாக.

நிறைய ஓய்வெடு.
அரசி

*

பிள்ளையார்பாளையம்,
16 ஜூன் 2025

என் அன்புத் தங்கைக்கு,

எட்டாம் மாதம். எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூடத் தயக்கமாக இருக்கிறது. இங்கே அனைவரும் சுகம்.

இந்த இரண்டு மாதமும் மேசை இவ்வளவு நன்றாக நடந்ததில்லை. நேற்று கலியாணசுந்தரம் ‘நான் வாளை எடுக்கிறேன்’ என்பதற்கு ‘நான் வாழை எடுக்கிறேன்’ என்று டைப் செய்தாரே, அரக்கனை வாழைப்பழத்தால் அடித்தே விரட்டினோமே, தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். சத்தம் வராத சிரிப்பு.

இன்று காலை சிம்ரனைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ‘மைக் இல்லாமயே ஜாலியா போய்க்கினு இருக்குதுண்ணா, அரசி அக்கா எங்களாண்ட சொன்ன மாதிரியே’ என்றாள். சொன்ன அடுத்த கணம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் திறந்து பார்த்தேன். பிப்ரவரியில் ஃபோன் பண்ணு என்றாய். மார்ச்சில் கோபமாகக் கேட்டாய். ஏப்ரலில் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

நீ படித்துவிட்டாய், இல்லையா?

அப்படியானால் நானே சொல்கிறேன். கழுத்தில் ஒரு கட்டி. ஜனவரிக் கடைசியில் சென்னையில் எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை, பயப்படாதே. ஆனால் குரல் நரம்பு பாதிக்கப்பட்டுவிட்டது. பக்கத்தில் காது கொடுத்தால் கேட்கும், அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் தெளியலாம், பழைய குரல் வராது என்கிறார்கள். உன்னிடம் சொன்னால் நீ அழுவாய், அழுதால் உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று மறைத்தேன். இன்னொன்றும் உண்டு. எனக்கே பயமாக இருக்கிறது அரசி. தறிச் சத்தத்துக்கு மேலே அகிலாவை ஒரு வாய் தண்ணீர் கேட்க முடியவில்லை, கை தட்டித்தான் கூப்பிடுகிறேன். இப்படி ஒருவன் கதை சொல்கிறேன் என்று உட்கார்ந்தால் யார் கேட்பார்கள்?

திட்டுவதென்றால் மெதுவாகத் திட்டு.
குமாரவேல்

*

சூரத்,
17 ஜூன் 2025

என் அண்ணனுக்கு,

நான் சுகம், குழந்தை சுகம். இதை முதலில் எழுதிவிட்டேன், இனி திட்டலாம்.

படித்தேன். மூன்றாவது குட்டி விண்டோ. ‘தொண்டை டாக்டர், வியாழன். நரம்பு போய்விட்டது. பழைய குரல் வராது. அரசிக்குத் தெரியக் கூடாது.’ பத்து செகண்ட்தான் திறந்திருந்தது. மனப்பாடம் ஆகிவிட்டது.

மூன்று வாரம் எழுதி எழுதி அழித்தேன். அண்ணியை மட்டும் ஃபோனில் கேட்டேன். அவர் அழுதார், நான் அழவில்லை, நம்பு. எனக்குத் தெரிந்தது உனக்குத் தெரிந்தால் நீ வெட்கப்பட்டு மேசையையே நிறுத்திவிடுவாயோ என்றுதான் பயந்தேன். அதனால் மூச்சு வாங்குகிறது என்று பொய் சொன்னேன். மற்ற இருவருக்கும் ஃபோன் செய்து மைக்கை மூடச் சொன்னேன். நீ ஒருத்தன் மட்டும் ஊமையாக உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

எனக்குக் கோபம் எதில் தெரியுமா? என்னைப் படுக்கையில் போட்டது டாக்டர். சரி. என்னை உள்ளங்கையில் வைத்துத் தாங்க உன்னிடம் யார் சொன்னது? எனக்கு நல்ல செய்தி மட்டும் சொல்ல நீ என்ன ஜோசியரா? அண்ணனுக்கு ஆபரேஷன் நடந்தபோது நான் கூரையைப் பார்த்துக்கொண்டு, ஞாயிறு நீ வரவில்லை என்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது.

அந்தக் குரல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது போனதில் எனக்குத் துக்கம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு நீதான் வேண்டும்.

அண்ணிக்கு முழு அன்பு. உனக்கு இந்த முறை முக்கால்.
அரசி

*

சூரத்,
26 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தாய்மாமனுக்கு,

பிரசவம் ஆனது அண்ணிக்கு அன்றே தெரியும், உன்னிடமும் சொல்லியிருப்பார். இருந்தாலும் நானே எழுத வேண்டும். பெண். இரண்டரைக் கிலோ. என் மூக்கு, அவருடைய முன்கோபம். நான் எழுந்து நடக்கிறேன், அண்ணா. ஏழு மாதத்துக்குப் பிறகு சன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று நானே எட்டிப் பார்த்தேன். ஒரு வேப்ப மரம்.

செப்டம்பர் பதினேழு புதன்கிழமை பேர் வைக்கிறோம். இங்கே ஐந்தெழுத்து, ஏழெழுத்து என்று பட்டியல் ஓடியது. நான் ‘அனு’ என்று பிடிவாதமாக நின்றுவிட்டேன். நம் வழக்கப்படி தாய்மாமன் சொல்ல வேண்டும். நீயும் அண்ணியும் இரண்டு நாள் முன்னாலேயே வாருங்கள்.

தூக்கமில்லாத,
அரசி

*

பிள்ளையார்பாளையம்,
28 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கைக்கும் புது மகாராணிக்கும்,

இருவரும் நலமாக இருக்க வேண்டும். மூக்கு உன்னுடையது என்று படித்ததும் குழந்தைக்காகக் கொஞ்சம் வருந்தினேன்.

நாங்கள் இருவரும் வருகிறோம். குழந்தைக்குப் பட்டுத் துண்டு தறியில் இருக்கிறது. ஆனால் பேர் சொல்வது மட்டும் வேண்டாம். மாப்பிள்ளையின் அண்ணன் சொல்லட்டும். அவர் நன்றாகப் பேசுகிறவர். கூடம் நிறைய ஆட்கள், எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒன்றும் வராது. உன் புகுந்த வீட்டார் முன்னால் உனக்குத் தலைகுனிவு வேண்டாம். போன வாரம் கல்யாண வீட்டில் ஒருவரிடம் பேசினேன். அவர், ‘பாவம்’ என்று என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டு இன்னும் வலிக்கிறது.

நான் பின்னால் நின்று பார்க்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.
குமாரவேல்

*

சூரத்,
28 ஆகஸ்ட் 2025

அண்ணா,

சுகம் எல்லாம் அப்புறம்.

பேரைக் கூடத்துக்கா சொல்கிறார்கள்? குழந்தையின் காதில்தானே சொல்வார்கள்? கத்தினால்தான் தப்பு, காது பிஞ்சு. உனக்கு இப்போது இருக்கிற அளவு குரல்தான் அதற்கு வேண்டியது. இரண்டு எழுத்து, மூன்று தடவை. அதற்கும் மூச்சு போதாதா?

நீ சொல்லாவிட்டால் அவளுக்குப் பேரே வேண்டாம், ‘பாப்பா’ என்று கூப்பிட்டுக்கொள்கிறேன்.

அரசி

*

பிள்ளையார்பாளையம்,
20 செப்டம்பர் 2025

அன்புத் தங்கைக்கு,

ரயில் நேரத்துக்கு வந்தது. இருவரும் சுகமாக வீடு சேர்ந்தோம். நீ கட்டிக் கொடுத்த இட்லி பல்லார்ஷா தாண்டியதும் தீர்ந்துவிட்டது. அனு தூங்குகிறாளா? நீ தூங்குகிறாயா?

புதன்கிழமை உன்னிடம் சரியாகப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். குழந்தையை என் மடியில் வைத்தார்கள். கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. எனக்கு அதுதான் பயம். குனிந்து முதல் தடவை சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை சொன்னேன். அழுதுகொண்டிருந்தவள் நிறுத்தினாள். பின்னால் உன் மாமியார், ‘இன்னா, பேரு சொன்னாரா இல்லியா? ஒண்ணும் கேக்கலியே’ என்றார். நீ, ‘கேக்க வேண்டியவ கேட்டுட்டா அத்தே’ என்றாய். மூன்றாவது தடவை சொன்னபோது அவள் தலையைத் திருப்பி என் வாயைப் பார்த்தாள்.

இந்த எட்டு மாதத்தில் நான் யாரிடம் வாய் திறந்தாலும் அவர்கள் முகம் ஒரு கணம் சுருங்கும். பழைய குரலைத் தேடுவார்கள். அகிலாவும் தேடுவாள், ரயிலடியில் என்னைப் பார்த்ததும் நீயும் தேடினாய், தப்பில்லை, நானே கண்ணாடி முன்னால் தேடுகிறேன். அனு தேடவில்லை. அவளுக்கு அந்தக் குரல் தெரியாது. அவளுக்கு மாமன் குரல் என்றால் இதுதான்.

நாளை ஞாயிறு. மூன்று மணிக்கு மைக்கைப் போடுகிறேன். சிம்ரனிடமும் கலியாணசுந்தரத்திடமும் சொல்லிவிட்டேன். கேட்கவில்லை என்றால் உங்கள் பக்கம் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

குமாரவேல்